சுண்ணக்கட்டியும் ஒரு பேராசிரியரும்

தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி என்றவுடன் டார்வினின் நண்பர் என்பதே பலர் நினைவுக்கு வரும். ஏழைப் பிள்ளைகளின் பாடத்தில் அறிவியலைச் சேர்க்க உழைத்தவரும் அவரே.

லண்டனுக்கு அருகிலுள்ள ஈலிங்கில் 1825 மே 4 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர்; ஆயினும் மகன் பள்ளிக்குச் சென்றது இரண்டே ஆண்டுகள்! பின் தாமே நூல்களைத் தேடிப் படித்தார். மருத்துவம் பயின்று, 1846 இல் ராட்டில்ஸ்நேக் என்னும் கடற்படைக் கப்பலில் உதவி மருத்துவராக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். அப்பயணத்தில் ஜெல்லி மீன்களை ஆராய்ந்து எழுதியவை, 26 வயதிலேயே அவரை ராயல் கழகத்தின் உறுப்பினராக்கின.

1854 இல் லண்டன் சுரங்கக் கல்லூரியில் ஆசிரியரானார். தொழிலாளர்களுக்கும் சொற்பொழிவுகள் நடத்தினார். 1868 இல் நார்விச் நகரத் தொழிலாளர்களிடம் அவர் பேசியது வெறும் சுண்ணக்கட்டியைப் பற்றி. தச்சர் பையில் கிடக்கும் அக்கட்டி, பண்டைக் கடலில் வாழ்ந்த மிகச் சிறிய உயிர்களின் ஓடுகளால் ஆனது என்று விளக்கினார். (நாம் வகுப்பில் உடைத்துப் போடும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சமாம். எங்கள் ஆசிரியை சொன்னார்கள். எனக்குச் சற்று ஏமாற்றந்தான்.)

1870 இல் இங்கிலாந்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. லண்டன் பள்ளி வாரியத் தேர்தலில் மேரிலபோன் தொகுதியில் ஹக்ஸ்லி வென்றார். ஆனால் அங்கே முதலிடம் பெற்றவர் எலிசபெத் காரெட் என்னும் பெண் மருத்துவர்! தோழியரே, இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமா?

ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் போதும் என்று எண்ணியோர் அன்று பலர். பாடத்திட்டக் குழுவின் தலைவரான ஹக்ஸ்லி, அடிப்படை அறிவியலோடு ஓவியம், இசை, உடற்பயிற்சி ஆகியவற்றுக்கும் இடம் பெற்றுத் தந்தார். கடவுளைப் பற்றி அறிய இயலாது என்றவர். நம் திருச்சபையைக் கடுமையாகத் தாக்கியவர். அதில் எனக்கு உடன்பாடில்லை. எனினும் பள்ளிகளில் விவிலியம் வாசிக்கப்பட வேண்டும் என்று அவரே வாதாடினார்!

பாடம் வந்தால் போதுமா? கற்பிக்கத் தெரிந்தவர் வேண்டாமா? 1871 கோடையில் தெற்குக் கென்சிங்டனில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். குறிப்பெடுத்தால் மட்டும் போதாது. தம் கையாலேயே அறுத்து, நுண்ணோக்கியில் கண்டறிய வேண்டும். ஒரே நுண்ணோக்கியைச் சுற்றி முண்டியடித்து வெங்காயத் தோலைப் பார்த்த எங்களுக்கு அதன் அருமை தெரியும்.

உடல்நலம் குன்றியதால் 1872 இல் வாரியத்திலிருந்து விலகினார். கற்பிப்பதை விடவில்லை. 1877 இல் வெளிவந்த அவருடைய இயற்கைப் புவியியல் நூல், லண்டன் பிள்ளைகள் அன்றாடம் காணும் தேம்ஸ் ஆற்றிலிருந்தே தொடங்குகிறது. 1884 இல் அவரிடம் பயின்ற ஒரு கடைக்காரரின் மகன், பின்னாளில் அறிவியல் கதைகளால் புகழ்பெற்ற எச். ஜி. வெல்ஸ்.

இறுதி ஆண்டுகளை ஈஸ்ட்போர்ன் என்னும் கடற்கரை ஊரில் தோட்ட வேலையில் கழித்த ஹக்ஸ்லி, 1895 ஜூன் 29 அன்று அங்கேயே காலமானார்.