படிக்க முடியாத எழுத்தை வரைந்தவர்: கே.சி.எஸ். பணிக்கர்

ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கன்னடம் படிக்கத் தெரியாதவர்கூட எழுத்தின் வளைவையும் வண்ணத்தையும் பக்கத்தில் இருக்கும் படத்தையும் வைத்து, அது என்ன கடை என்று ஓரளவு ஊகித்துவிடுவார். படிக்கத் தெரியாத எழுத்தும் கண்ணுக்கு ஏதோ சொல்கிறது அல்லவா? அதையே ஓவியமாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். அந்த வேலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 52.

ஓய்வுபெற இன்னும் எத்தனை வருடம் என்று விரல்விட்டு எண்ணும் நண்பர்கள் நம் குடியிருப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் காலாண்டு இதழில் அவருடைய கதை.

பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு கேரளத்தின் பொன்னானியில். சிறு வயதிலேயே கால்வாய், தென்னந்தோப்பு என்று இயற்கைக் காட்சிகளை வரைந்தார். 17 வயதில் அவர் படங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்றன. ஆனால் குடும்பத்தைத் தாங்க வேண்டியிருந்ததால் தந்தித் துறையில் வேலைக்குப் போனார். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தது 1936-ல்தான். அப்போது பள்ளியின் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நீங்கள் பார்த்திருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான்.

படிப்பு முடிந்ததும் பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957-ல் பள்ளியின் முதல்வர் பொறுப்புக்கு வந்தார். நல்ல பதவி, நல்ல பெயர். இதோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவருக்குள் ஒரு கேள்வி மட்டும் ஓயவில்லை. 1954-ல் லண்டனிலும் பாரிஸிலும் தன் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, ஐரோப்பாவின் அரூப ஓவியங்களை நேரில் பார்த்தார். உருவங்களை விட்டு விலகிச் செல்லும் அந்தச் சுதந்திரம் அவரை ஈர்த்தது. அதே பாணியில் இங்கே உட்கார்ந்து வரைந்தால் அது வெறும் நகலாகிவிடும் என்பதும் தெரிந்தது. நம் மண்ணிலிருந்து ஒரு அரூபம் வர முடியுமா என்று தேடினார். மனிதர்களும் விலங்குகளும் நிறைந்த 'தோட்டம்' வரிசை ஓவியங்கள் அந்தத் தேடலில் ஒரு கட்டம்.

1963-ல் வழி கிடைத்தது. 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். முதலில் கணிதக் குறிகள், எண்கள், ஆங்கில எழுத்துகள். பார்ப்பதற்குக் கணக்கு நோட்டின் ஒரு பக்கம் போலவே இருக்கும். போகப்போக ஆங்கில எழுத்து விலகி, மலையாள எழுத்து வந்தது. ஜாதகக் கட்டங்களும் மீன், பறவை போன்ற சின்னங்களும் சேர்ந்தன. வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய ஜாதகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது புரியாவிட்டாலும் ஏதோ முக்கியமானது என்று தோன்றும். பணிக்கருக்கு வேண்டியிருந்தது அந்த உணர்வுதான். மலையாளம் தெரிந்தவர்களும் அந்த வரிகளைப் படித்துப் பொருள் காண முடியாது. அவை பார்ப்பதற்காக எழுதப்பட்டவை.

இதே ஆண்டுகளில் இன்னொரு கவலையும் அவரை அரித்தது. பள்ளியில் பயிற்சி பெற்று வெளியே போகும் திறமையான இளைஞர்கள், வயிற்றுப்பாட்டுக்காகக் கிடைத்த வேலையில் சேர்ந்து தூரிகையை விட்டுவிட்டார்கள். தந்தி அலுவலகத்தில் உட்கார்ந்தவருக்கு அந்த வலி தெரியாதா? அவரும் மாணவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். துணியில் உருக்கிய மெழுகைத் தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலையைச் செய்து விற்றார்கள். கைவினைப் பொருளில் வரும் காசு சாப்பாட்டுக்கு, ஓவியம் மனம்போல. அந்த வருமானத்தின் துணையோடு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள்.

சங்கம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று நமக்குத் தெரியும். பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கவே நாம் திண்டாடுகிறோம். அவர்களோ கலைஞர்கள்; ஆளுக்கொரு கருத்து உள்ளவர்கள். அரசின் கையை எதிர்பார்க்காமல் தொடங்கிய அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது.

1967-ல் பணிக்கர் ஓய்வுபெற்றார். தனக்கென்று முழு நேரமும் கிடைத்த பின் அவர் பழைய வெற்றிகளைத் திரும்பத் திரும்ப வரையவில்லை. சொற்களும் குறியீடுகளும் அவர் கையில் மாறிக்கொண்டே இருந்தன. 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். 66 வயது நிறையவில்லை. ஓய்வுக்குப் பின் அவருக்குக் கிடைத்தது பத்து ஆண்டுகள்கூட இல்லை. ஓய்வுபெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 1963-ல் அவர் தள்ளிப்போட்டிருந்தால், இன்று நாம் அவரை நினைவில் வைத்திருக்கும் வேலையில் ஒரு பகுதியே மிஞ்சியிருக்கும்.

அடுத்த முறை கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னை போகும்போது ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோழமண்டலத்தின் அருங்காட்சியகம் 2009 முதல் இயங்குகிறது. பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். திருவனந்தபுரம் செல்பவர்கள் அங்குள்ள அருங்காட்சியக வளாகத்தில் பணிக்கர் பெயரிலேயே ஒரு கலைக்கூடம் இருப்பதை மறக்க வேண்டாம். பணிக்கரின் படத்துக்கு முன்னால் நிற்கும்போது என்ன எழுதியிருக்கிறது என்று தேட வேண்டாம். அத்திப்பள்ளி கடைப் பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்தால் போதும்.