இராபர்ட் காக்

பகையை வெல்ல விரும்புவோர் அப்பகையின் வலிமையையும் மெலிவையும் ஒருங்கே அறிதல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகாத நோய்க்கிருமிகளை அவ்வாறு அறிந்து உலகிற்கு உணர்த்திய பேரறிஞர் இராபர்ட் காக் ஆவார்.

இவர் ஜெர்மனி நாட்டில் 1843ஆம் ஆண்டு பிறந்தார். 1866இல் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் அரசாங்க மருத்துவராக அமர்ந்தார். அந்நாளில் அடைப்பான் நோயால் ஆடுமாடுகள் மந்தை மந்தையாக மடிந்தன. நோயுற்ற விலங்கு இறந்த நிலத்தில் பல்லாண்டு கழித்து மேய்ந்த விலங்குகளும் மாண்டன. காரணம் அறியாது மக்கள் மயங்கினர்.

காக் தம் இல்லத்தின் ஒரு பகுதியையே ஆய்வுக்கூடமாக்கி, மருத்துவப் பணி போக எஞ்சிய பொழுதெல்லாம் ஆராய்ந்தார். அடைப்பான் கிருமி, தான் வளர்தற்கேற்ற சூழல் குன்றியதும் தன்னுள்ளே தடித்த உறையுடைய வித்து ஒன்றைத் தோற்றுவிப்பதைக் கண்டார். கோடையெல்லாம் மண்ணுள் உறங்கி, மழை கண்டதும் முளைக்கும் விதைபோல, அவ்வித்து வறட்சியைப் பொறுத்திருந்து, விலங்கின் உடலுட் புகுந்ததும் மீண்டும் கிருமியாகின்றது. இவ்வுண்மையை அவர் 1876இல் பேராசிரியர் பெர்டினாண்டு கோன் முன்னிலையில் மெய்ப்பித்தார்.

இத்தகைய வித்தை அழிப்பது எங்ஙனம்? விருத்தாசலத்துப் பீங்கான் சூளையின் வெம்மையில் எவ்வுயிரும் எஞ்சாது. ஆயின், நோயாளியின் ஆடையையும் படுக்கையையும் சூளையில் இடலாகுமோ? காக் தம் தோழர்களுடன் 1881இல் பல வழிகளைச் சோதித்தார். கிருமியை விரைவிற் கொல்லும் கார்பாலிக் அமிலத்தில் வித்துக்கள் நெடும்பொழுது பிழைத்தன. வறண்ட வெங்காற்றில் 140 பாகை வெப்பத்தை 3 மணி நேரம் செலுத்திய பின்னரே அவை மாய்ந்தன. துணிகளோ அவ்வெப்பத்தால் கெட்டன. கொதிநீரின் ஆவி 100 பாகையிலேயே சில நிமிடங்களில் அவற்றை அழித்தது. அதனையும் தாங்கும் வித்துக்கள் வேறு சில உளவாதலின், இக்காலத்து மருத்துவமனைகளில் அழுத்தமுற்ற நீராவியை 121 பாகையில் செலுத்திக் கருவிகளைத் தூய்மை செய்கின்றனர்.

1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த காக், மறு ஆண்டு காலராவை ஆராய எகிப்திற்கும், பின்னர் நம் நாட்டுக் கல்கத்தாவிற்கும் வந்தார். காற்புள்ளிபோல் வளைந்த அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். மக்கள் பயன்படுத்திய குளத்து நீரிலும் அதனைக் கண்டார். அக்கிருமிக்கு வித்து இல்லை. ஈரம் உலர்ந்தால் விரைவில் மடியும். ஆகவே, நீரைக் காத்தால் உயிரைக் காக்கலாம் என்பது தெளிவாயிற்று.

1905இல் நோபல் பரிசு பெற்ற இவர், 1910இல் மறைந்தார். மாணவர்களே! நீரைக் காய்ச்சிப் பருகும்பொழுதெல்லாம் இவர்தம் உழைப்பின் பயனை நாம் துய்க்கின்றோம். சிற்றுயிர்தானே என்று இகழாது ஆராய்ந்த பொறுமையே அவரை உயர்த்தியது.