புஷ்ப கைங்கர்யத்தில் அனந்தாழ்வான்

திருவரங்கத்தில் எம்பெருமானார் திருவாய்மொழிப் பொருள் அருளிச்செய்கையில், குளிர் மிகுந்த திருவேங்கடமலையில் தங்கிப் புஷ்ப கைங்கர்யம் செய்வார் உளரோ என்று வினவினார். கோஷ்டியில் எழுந்தவர் அனந்தாழ்வான் ஒருவரே. ஆண்பிள்ளை என்று உகந்து உடையவர் அவரை அனுப்பிவைத்தார்.

திருமலையில் நந்தவனம் அமைத்து, அதற்கு ஆசார்யன் திருநாமமே சாற்றினார். ஏரி வெட்டுகையில் கர்ப்பிணியான தேவிகள் மண் சுமந்தார். சிறுவன் வடிவில் வந்து கூடையை வாங்கிச் சுமந்தவன் திருவேங்கடமுடையான் என்றறியாது, ஆசார்யன் இட்ட பணியில் பிறர் பங்கேற்பதா என்று சினந்து கடப்பாரையை எறிந்தார். அது பட்ட திருமோவாயில் இன்றும் பச்சைக் கற்பூரம் சாற்றப்படுகிறது.

ஒருநாள் பாம்பு தீண்டியது. மருந்து தேடாமல் மாலை கட்டினார். பிழைத்தால் திருக்கோனேரியில் நீராடித் திருமலையில் கைங்கர்யம். இல்லையேல் விரஜையில் நீராடிப் பரமபதத்தில் கைங்கர்யம். தொண்டு தொடருமாகில் இடம் எதுவாயினும் அவருக்கு ஒன்றே.