திராட்சை இரசத்தைக் காத்தவர்: லூயி பாஸ்டியரின் வாழ்வு



திருப்பலியில் அப்பத்தோடு திராட்சை இரசத்தையும் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கிறோம். அந்த இரசம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் திருச்சபை தெளிவான ஒழுங்கை வைத்திருக்கிறது. திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாக இருக்க வேண்டும், கெட்டுப்போனதாக இருக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 924-ஆம் எண்ணில் கூறுகிறது. இரசம் ஏன் கெட்டுப்போகிறது? நெடுங்காலமாக இதற்கு யாரும் சரியான விடை சொல்லவில்லை. விடை கண்டவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி பாஸ்டியர். வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடித்தவர் என்றே அவரை நாம் அறிவோம். அந்த ஊசிக்குச் செல்லும் பாதை ஒரு சிற்றூரின் திராட்சைத் தோட்டத்தின் வழியாகச் சென்றது என்பதை இன்று சிந்திப்போம்.

நமது கீழ்பென்னாத்தூர் பகுதியில் நெல், கரும்பு, மல்லாட்டை, கறவை மாடுகள், இவைதான் பிழைப்பு. திராட்சைத் தோட்டம் நமக்குப் பழக்கமில்லை. ஆனாலும் காலையில் கறந்த பால் திரிந்துபோனால் வீட்டுக்காரிக்கு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஓர் ஆண்டு உழைப்பை மரப்பீப்பாயில் ஊற்றி வைத்துவிட்டு, திறந்து பார்க்கும்போது அது புளித்தோ கசந்தோ கிடந்தால் ஒரு விவசாயியின் மனம் என்ன பாடுபடும் என்பதும் நமக்குப் புரியும்.

பாஸ்டியர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் கிழக்குப் பிரான்சின் தோல் என்ற ஊரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜான் ஜோசப், நெப்போலியனின் படையில் பணியாற்றித் திரும்பியவர். தோல் பதனிடும் தொழிலாளி. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அந்த வீட்டின் வாடையும் உழைப்பும் விளங்கும். பாஸ்டியர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் அருகிலுள்ள ஆர்புவா என்ற சிற்றூரில் குடியேறியது. குயிசான்சு ஆற்றங்கரையில் வீடு. கீழே தோல் ஊறும் தொட்டிகள். ஊரைச் சுற்றிலும் மலைச்சரிவுகளில் திராட்சைக் கொடிகள்.

ஆர்புவாவின் சிவப்பு இரசங்கள் பழமையான பெயர் பெற்றவை. பூல்சார் என்ற திராட்சை வெளிறிய சிவப்பு நிற இரசத்தைத் தரும். துரூசோ என்ற திராட்சையின் இரசம் நிறத்திலும் சுவையிலும் அதைவிட அழுத்தமானது. பிரான்சு அரசு ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த முதல் இரசங்களுள் ஆர்புவா இரசமும் ஒன்று. அது 1936-இல் நடந்தது. அவ்வூரில் செப்டம்பர் மாதத்தில் ஓர் அழகான வழக்கம் இன்றும் உண்டு. புதிய அறுவடையின் குலைகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி, ஒரே பெரிய குலையாக்கி, நான்கு பேர் தோளில் சுமந்து வந்து, புனித ஜுஸ்து ஆலயத்தில் முதற்கனியாகத் தொங்கவிடுகிறார்கள். அறுப்பின் திருவிழாவில் நாம் நெற்கதிரைப் பீடத்தில் வைப்பது போலத்தான் இதுவும்.

வேதியியல் கற்ற பாஸ்டியரின் முதல் பெரிய கண்டுபிடிப்பே இரசத்தோடு தொடர்புடையது. இரசப் பீப்பாயின் உட்புறம் உப்புப் போலப் படியும் பொருளிலிருந்து டார்டாரிக் அமிலம் கிடைக்கிறது. அதன் ஒரு வகை உப்பில் உள்ள படிகங்கள், வலக்கையும் இடக்கையும் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருப்பதை அவர் 1848-இல் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 25. மறு ஆண்டு மரி லோரான் என்ற பெண்மணியை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல மாலை வேளைகளில் எழுதிக்கொடுத்து, வாழ்நாளெல்லாம் அவர் பணியில் பங்கெடுத்த மனைவி அவர்.

1860-இல் இங்கிலாந்தோடு செய்த ஒப்பந்தத்தால் பிரான்சின் இரசங்களுக்குப் புதிய சந்தை திறந்தது. ஆனால் அனுப்பிய இரசம் வழியிலேயே கெட்டுப்போகிறது என்ற புகார் எழுந்தது. சில கசந்தன, சில எண்ணெய் போலக் கொழகொழத்தன, சில காடியாக மாறின. 1863-இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் இதை ஆராயும்படி பாஸ்டியரைக் கேட்டுக்கொண்டார். அவர் தம் மாணவர்களோடு சொந்த ஊரான ஆர்புவாவுக்கே வந்தார். ஒரு பழைய காபிக் கடை அறைதான் ஆய்வுக்கூடம். உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் செய்து கொடுத்தவைதான் கருவிகள்.

அக்காலத்தில் இரசத்தின் குறையைக் கண்டறிய நாக்கு ஒன்றே வழி. தேர்ந்த சுவைஞர் கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி, துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். பாஸ்டியரோ ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். நல்ல இரசத்தில் ஒரு வகை நுண்ணுயிரும், கெட்ட இரசத்தில் வேறு வகை நுண்ணுயிர்களும் இருப்பதைக் கண்டார். சுவைஞர் நாக்கில் உணர்ந்த குறையை இவர் ஒரு துளியைப் பார்த்தே சொல்ல முடிந்தது. நிலவும் பருவமும் தலைவிதியும் காரணம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களே காரணம் என்று காட்டினார்.

மருந்தும் எளிமையாக இருந்தது. காற்றுப் புகாதபடி மூடிய இரசத்தை 50 முதல் 60 டிகிரி வரை சிறிது நேரம் சூடாக்கினால் அந்த உயிர்கள் மடியும். இரசம் நெடுநாள் இருக்கும். 1865-இல் இதற்கு அவர் காப்புரிமை பெற்றார். பிறகு அதை யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். தமக்கு முன்பே நிக்கோலா அப்பேர் என்பவர் இரசத்தைச் சூடாக்கிப் பார்த்திருந்ததை அறிந்தபோது, அதை மறைக்காமல் எழுதினார்.

ஆனால் வியாபாரிகள் எளிதில் நம்பவில்லை. சூடாக்கினால் நல்ல சிவப்பு இரசத்தின் மணமும் நிறமும் போய்விடும் என்று அஞ்சினர். எனவே சூடாக்கியதையும் சூடாக்காததையும் அருகருகே வைத்துச் சுவைத்துப் பார்க்கப் பாரிசில் ஒரு குழு அமைந்தது. சுவைத்தவர்கள் மிக நுட்பமான வேறுபாடுகளைக் கூறினர். அப்போது அவர்கள் அறியாதபடி இரு கிண்ணங்களிலும் ஒரே இரசம் ஊற்றிக் கொடுக்கப்பட்டது. அதிலும் அவர்கள் வேறுபாடு கண்டனர்! கற்பனை நாக்கையும் ஏமாற்றும் என்பது அன்று வெளிப்பட்டது. அவர்கள் பொய்யர்கள் அல்லர். தங்கள் தொழிலில் தேர்ந்தவர்கள். தேர்ந்தவர்களுக்கும் தங்கள் தீர்ப்பைச் சோதித்துப் பார்க்கும் தாழ்ச்சி தேவை. பிறரைப் பற்றி நாம் நொடியில் சொல்லும் தீர்ப்புகளில் எத்தனை இப்படிப்பட்டவை!

1868-இல் பிரெஞ்சுக் கடற்படை இதை மேலும் சோதித்தது. 500 லிட்டர் இரசத்தில் பாதியைச் சூடாக்கி, பாதியை அப்படியே விட்டு, ஜான் பார் என்ற கப்பலில் ஏற்றினர். பத்து மாதம் கழித்துத் திறந்தபோது சூடாக்கியது தெளிவாகவும் மென்மையாகவும் இருந்தது. மற்றது கெடத் தொடங்கியிருந்தது.

இந்த வெற்றிகளின் நாள்களில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதையும் அறிய வேண்டும். மூத்த மகள் ஜான் 1859-இல், ஒன்பது வயதில், ஆர்புவாவிலேயே டைபாய்டு காய்ச்சலால் இறந்தாள். காப்புரிமை பெற்ற அதே 1865-இல் ஜூன் மாதம் தந்தை இறந்தார்; செப்டம்பரில் இரண்டே வயதான கமீய் இறந்தாள். மறு ஆண்டு 12 வயது செசீலையும் டைபாய்டு கொண்டுபோனது. 1868-இல், 45 வயதில், பாஸ்டியருக்குப் பக்கவாதம் வந்து உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. பீப்பாயில் உள்ள இரசத்தின் நோயை அறிந்தவருக்குத் தம் பிள்ளைகளின் நோயைத் தடுக்க வழி தெரியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் நம் பங்கிலும் இருக்கிறார்கள். இந்த வேதனையை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாஸ்டியர் உழைப்பை நிறுத்தவில்லை. இரசத்தின் நோய்க்கு நுண்ணுயிர் காரணம் என்றால், மனிதரின் நோய்க்கும் அதுவே காரணமாக இருக்கலாம் அல்லவா? இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

1874-இல் அவர் ஆர்புவாவுக்கு அருகே ரோசியேர் என்ற இடத்தில் ஒரு சிறு திராட்சைத் தோட்டம் வாங்கினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தோட்டமே ஒரு பெரிய வழக்கின் சாட்சியாயிற்று. 1878-இல் அவருடைய நண்பரும் புகழ்பெற்ற அறிஞருமான கிளாட் பெர்னார் இறந்தார். நுண்ணுயிர் இல்லாமலே திராட்சைச் சாறு நொதிக்கும் என்ற பொருள்பட அவர் எழுதி வைத்த குறிப்புகள் அவர் இறந்தபின் வெளியாயின. இறந்த நண்பரை வார்த்தைகளால் தாக்க பாஸ்டியர் விரும்பவில்லை, தோட்டத்துக்குச் சென்றார். கண்ணாடிக் கூடாரங்கள் செய்வித்து, கனிகள் பழுக்கும் முன்பே கொடிகளின்மேல் பொருத்தினார். சில குலைகளைப் பஞ்சால் சுற்றினார். அக்டோபர் மாதம் கனிகளைப் பிழிந்தபோது, திறந்தவெளியில் விளைந்தவை நொதித்தன. மூடிக் காக்கப்பட்டவை நொதிக்கவில்லை. நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் கனியின் தோலின்மேல் வெளியிலிருந்து வந்து அமர்வது என்பது உறுதியாயிற்று. அந்தத் தோட்டத்தில் இன்றும் திராட்சை விளைகிறது. ஆர்புவாவில் அவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது.

அந்தக் கேள்வி அவரை நோய்த்தடுப்புக்குக் கொண்டு சென்றது. 1881-இல் ஆடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பூசி. 1885 ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு, மருத்துவர் கிரான்ஷேயின் கையால், முதல் ஊசி போடப்பட்டது. அவர் மகள் ஜான் இறந்ததும் அதே வயதில்தான். மைஸ்டர் பிழைத்தான். 1888-இல் பாரிசில் பாஸ்டியர் நிறுவனம் திறக்கப்பட்டது. 1907-இல் நமது நீலகிரியின் குன்னூரிலும் அவர் வழியில் ஒரு நிறுவனம் தொடங்கியது. நாய் கடித்தவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தக் காலத்து ஊசிகளை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று சில ஊசிகள் கையில் போட்டாலே போதும். நாய் கடித்தால் உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

அவர் கண்ட சூடாக்கும் முறை இரசத்தைவிடப் பாலுக்கே அதிகம் பயன்பட்டது. பாஸ்டியர் பெயரால் வழங்கும் அந்த முறையில்தான் நம் பால் சொசைட்டியிலிருந்து போகும் பால் பதப்படுத்தப்பட்டுப் பாக்கெட்டில் அடைக்கப்படுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரசம் உடலுக்கு நல்லது என்று பாஸ்டியர் தம் காலத்தில் எண்ணினார். இன்றைய மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. குடியால் சிதைந்த குடும்பங்களின் கண்ணீரை நாம் அன்றாடம் பார்க்கிறோம். எனவே இந்த வாழ்வைப் படித்துவிட்டு எவரும் குடிக்குச் சாக்குத் தேட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. இரயிலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த முதியவரை ஓர் இளைஞன் கேலி செய்ததாகவும், அந்த முதியவர்தான் பாஸ்டியர் என்று பின்னர் அறிந்து வெட்கப்பட்டதாகவும் மறையுரைகளில் கேட்டிருப்போம். அந்தக் கதைக்கு உறுதியான சான்று இல்லை. சான்றில்லாத கதையைக் கொண்டு அவரை உயர்த்த வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. ஒரே இரசத்தை இரு கிண்ணங்களில் ஊற்றி உண்மையைத் தேடியவரை உண்மையால் மட்டுமே மதிக்க வேண்டும். உண்மையைக் கண்டு விசுவாசம் அஞ்சத் தேவையில்லை; உண்மையின் ஊற்றே கடவுள்தானே! பிறர் கொட்டிவிடும் ஒரு பீப்பாய் இரசத்தை அவர் பொறுமையோடு உற்றுப் பார்த்தார். துயரத்திலும் கடமையை விடவில்லை. இது நமக்குப் போதும்.

1895 செப்டம்பர் 28-ஆம் நாள் பாஸ்டியர் இறந்தார். பாரிசின் நோத்ருதாம் பேராலயத்தில் அரசு மரியாதையோடு அடக்கத் திருப்பலி நடந்தது. மறு ஆண்டு அவர் உடல் பாஸ்டியர் நிறுவனத்தின் கீழறைக் கல்லறைக்கு மாற்றப்பட்டது. அதன் சுவர்களிலும் வளைவுகளிலும் வண்ணக்கல் ஓவியங்களாகத் திராட்சைக் கொடியும் ஆடுகளும் நாய்களும் இருக்கின்றன. மேலே விசுவாசம், நம்பிக்கை, அன்பு, அறிவியல் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு வானதூதர்கள் ஒன்றாக நிற்கிறார்கள்.

அன்புக்குரியவர்களே, சிறிய காரியத்தில் உண்மையாயிருப்பவரிடம் பெரியதும் ஒப்படைக்கப்படும் என்பது ஆண்டவர் நமக்குக் கற்பித்த பாடம். இந்த வாரம் நம் கையில் இருக்கும் சிறிய கடமை எது? மாட்டுக்கொட்டகையோ, பிள்ளைகளின் படிப்போ, நோயுற்ற பெரியவரின் பராமரிப்போ, எதுவாயினும் அதை உற்றுப் பார்த்து, உண்மையோடு செய்வோம். கானாவூரில் தண்ணீர்த் தொட்டிகளை விளிம்புவரை நிரப்பிய பணியாளர்களுக்கு, நடக்கப்போவது இன்னதென்று தெரியாது. நிரப்புவது அவர்கள் வேலை. மாற்றுவது ஆண்டவரின் செயல்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக!