கஞ்சி சொட்டிய காலர்!

குட்டீஸ், சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்குப் போக இரண்டு மலைப்பாதைகள் இருக்கின்றன. அதில் ஒன்று குப்பனூர் வழியாகப் போகிறது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் போனால் ஜாலிதான். ஆனால், சேலத்தில் இருந்து ஏற்காடு வரை நடந்தே போய், ஒரு வேலையை முடித்துவிட்டு வா என்று உங்களிடம் சொன்னால்? முகம் சுருங்கிப் போகும் இல்லையா?

கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்தை, ஓட்டப் பந்தயம் போலப் போட்டி போட்டு நடந்த சிறுவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் தமிழர்கள். அவர்களோடு சேர்ந்து நடந்த வக்கீலைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

அவர் சிறுவனாக இருந்தபோது அவருக்குப் பிடிக்காத ஒன்று, பள்ளியில் தேகப்பயிற்சி வகுப்பு. அதோடு கூச்சம் வேறு! மணி அடித்ததும் யாராவது பேசிவிடப் போகிறார்களே என்று பயந்து வீட்டுக்கு ஓடிவிடுவார். விளையாடவும் போகமாட்டார். ஆனால், திறந்த வெளியில் நடப்பது உடம்புக்கு நல்லது என்று ஒரு புத்தகத்தில் படித்தார். அன்று முதல் நடக்க ஆரம்பித்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பழக்கம் மட்டும் கடைசி வரை அவரை விடவே இல்லை.

யார் என்று கண்டுபிடித்து விட்டீர்களா? ஆமாம், மோகன்தாஸ் கரம்சந்த் காந்திதான்! குஜராத்தில் போர்பந்தர் என்ற ஊரில் 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி பிறந்தார். 1888இல் வக்கீல் படிப்புக்காக லண்டன் போனார். அங்கே பஸ் கட்டணத்தை மிச்சம் பிடிக்கத் தினமும் எட்டு, பத்து மைல் நடந்தார். 1893இல் ஒரு வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனவர், 21 ஆண்டுகள் அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது.

அங்கே சலவைக்கு நிறையச் செலவானது. போட்ட துணியும் சொன்ன நாளில் வராது. சரி, நாமே துவைப்போம் என்று முடிவு செய்தார். சலவை செய்வது எப்படி என்று ஒரு புத்தகம் வாங்கி, பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தார்! மனைவி கஸ்தூரிபாவுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

முதல் முதலாகத் தானே துவைத்த சட்டைக் காலரைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். என்ன ஆயிற்று தெரியுமா? கஞ்சி அதிகமாகிவிட்டது. துணி கருகிவிடுமோ என்ற பயத்தில் இஸ்திரிப் பெட்டியையும் சரியாக அழுத்தவில்லை. காலர் விறைப்பாகத்தான் நின்றது. ஆனால், அதில் இருந்து கஞ்சி சொட்டிக்கொண்டே இருந்தது! மற்ற வக்கீல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காந்தி அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டார்.

இன்னொரு முறை, பிரிட்டோரியா நகரில் ஒரு வெள்ளைக்கார முடிதிருத்துபவர், இந்தியர் என்பதால் அவருக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். மனம் புண்பட்டது. உடனே முடிவெட்டும் கருவி ஒன்றை வாங்கி, கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் பரவாயில்லை. பின்பக்கம்? எலி கடித்துவிட்டதா என்று கோர்ட்டில் கேட்டார்கள்!

பல் தேய்ப்பது உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? காந்திக்குப் பதினைந்து நிமிடம் ஆகுமாம். குளிக்க இருபது நிமிடம். 1903இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் இருந்தபோது, இந்த நேரத்தை என்ன செய்யலாம் என்று யோசித்தார். பகவத் கீதை ஸ்லோகங்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி, எதிர்ச் சுவரில் ஒட்டினார். பல் தேய்த்தபடியே புதிய ஸ்லோகங்களைப் படிப்பார். குளிப்பதற்குள் பழையவற்றை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவார். இப்படியே 13 அத்தியாயங்கள் மனப்பாடம் ஆகிவிட்டன!

ஆனால், அவர் எப்போதும் இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரே வெட்கப்பட்ட ஒரு நாளும் உண்டு.

1898ஆம் ஆண்டு. அப்போது டர்பன் நகரில் வசித்தார்கள். அவருடைய ஆபீஸ் குமாஸ்தாக்களும் அதே வீட்டில் தங்கி இருந்தார்கள். அறைகளில் தண்ணீர் போக வழி இல்லாததால், இரவில் சிறுநீர் கழிக்கப் பாத்திரம் வைத்திருப்பார்கள். புதிதாக வந்த ஒரு குமாஸ்தாவின் பாத்திரத்தை கஸ்தூரிபா சுத்தம் செய்ய வேண்டி வந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. அழுதுகொண்டே பாத்திரத்துடன் படியிறங்கினார். காந்திக்கு அது போதவில்லை. மலர்ந்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று கத்தினார். அதோடு விடாமல், மனைவியின் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். இந்தத் தெரியாத ஊரில் நான் எங்கே போவேன் என்று கஸ்தூரிபா அழுதார். அப்போதுதான் காந்திக்கு உறைத்தது. தலை குனிந்து கதவைச் சாத்தினார்.

பாருங்களேன், சந்தோஷமாகச் செய் என்று அதட்டினால் சந்தோஷம் வந்துவிடுமா? இந்தச் சம்பவத்தை அவர் மறைக்கவில்லை. தன் சுயசரிதையில் எல்லோரும் படிக்கும்படி எழுதி வைத்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவருக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. டிரான்ஸ்வால் பகுதியில் இருந்த இந்தியர்கள் பத்து விரல் ரேகையையும் பதிவு செய்து, எப்போதும் அனுமதிச் சீட்டோடு நடமாட வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். அதை எதிர்த்துப் பலர் சிறைக்குப் போனார்கள். தமிழர்கள் ஏராளம். அப்பா சிறைக்குப் போய்விட்டால் வீட்டில் இருக்கும் அம்மாவும் குழந்தைகளும் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்? கையில் இருந்த பணமும் கரைந்துகொண்டே வந்தது. குடும்பங்கள் பட்டினி கிடந்தால் போராட்டமே நின்றுபோகும்.

அப்போது காந்தியின் நண்பர் காலன்பாக், 1,100 ஏக்கர் நிலத்தை வாடகை இல்லாமல் கொடுத்தார். இவர் கட்டடக் கலைஞர். 1910இல் அங்கே டால்ஸ்டாய் பண்ணை உருவானது. ரஷ்ய எழுத்தாளரின் பெயர்தான் அது. குஜராத்தி, தமிழ், தெலுங்கு, ஹிந்தி என்று பல மொழி பேசும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. 20, 30 குழந்தைகளும் இருந்தார்கள்.

வேலைக்காரர் என்று ஒருவரும் கிடையாது. குழி வெட்டுவது, மரம் வெட்டுவது, சமைப்பது, குப்பையைப் புதைப்பது, கழிவறை சுத்தம் எல்லாமே அவர்கள் வேலைதான். ஊற்று 500 கஜம் தள்ளி இருந்தது. அங்கிருந்து காவடி கட்டித் தண்ணீர் சுமந்தார்கள். காலன்பாக் ஒரு மடாலயத்துக்குப் போய்ச் செருப்பு தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றுக்கொண்டார். அவர்களிடம் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

இங்கே ஒரு விதி இருந்தது. ஆசிரியர் செய்யாத எந்த வேலையையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது! பிள்ளைகள் மண் வெட்டினால் பக்கத்தில் ஓர் ஆசிரியரும் மண் வெட்டிக்கொண்டு இருப்பார். விருப்பத்தோடு எவ்வளவு செய்கிறார்களோ அவ்வளவு வேலைதான். டர்பனில் கதவைச் சாத்திய அந்த மனிதர் இதற்குள் எவ்வளவு மாறியிருக்கிறார் பார்த்தீர்களா?

அதற்காக எல்லோரும் சமர்த்துப் பிள்ளைகள் என்று நினைக்க வேண்டாம். வேலைக்கு நடுவே குறும்பு செய்வார்கள். சில நாள் எல்லோருமே சேர்ந்து டிமிக்கி கொடுப்பார்கள்! காந்தி சில நேரம் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். சில நேரம் கண்டிப்பார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த நிமிடமே விளையாடப் போய்விடுவார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பாடம். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தியே தமிழ் சொல்லிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த தமிழோ கொஞ்சம்தான். கப்பலிலும் சிறையிலும் தானாகப் படித்தது. பிள்ளைகள் அவரைவிட நன்றாகப் பேசினார்கள். அதை அவர் மறைக்கவில்லை, பிள்ளைகளும் கேலி செய்யவில்லை. காலையெல்லாம் உழைத்த களைப்பில் எல்லோருக்கும் தூக்கம் சொக்கும். வாத்தியாருக்கும்தான்! கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள், விளையாடிப் பார்ப்பார்கள். சில நாள் ஒன்றும் பலிக்காது.

இப்போது அந்த நடைக்கு வருவோம். பண்ணையில் இருந்து ஜோகன்னஸ்பர்க் 21 மைல். அதாவது 34 கிலோமீட்டர். சொந்த வேலையாகப் போகிறவர்கள் நடந்துதான் போக வேண்டும். பண்ணையின் பொது வேலைக்கு மட்டுமே ரயில், அதுவும் மூன்றாம் வகுப்பில். வழியில் வாங்கித் தின்னக் காசு கிடையாது. வீட்டில் அரைத்த கோதுமை மாவில் செய்த ரொட்டி, வேர்க்கடலை விழுது, ஆரஞ்சுத் தோல் ஜாம், இதுதான் கட்டுச்சோறு. இரவு 2 மணிக்கே எழுந்து கிளம்புவார்கள். போய்ச் சேர ஆறு, ஏழு மணி நேரம் ஆகும்.

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது அல்லவா? ஆனால், ஊருக்குப் போகும் வேலை என்றால் சிறுவர்களுக்குக் கொண்டாட்டம்! யார் சீக்கிரம் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டார்கள். மிகக் குறைந்த நேரம், 4 மணி 18 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்குக் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் வேகம்!

1912இல் இந்தியத் தலைவர் கோகலே தென்னாப்பிரிக்கா வந்தார். ஒரு விருந்துக்குப் போகும் முன், அவருடைய அங்கவஸ்திரம் கசங்கி இருந்தது. அது அவருடைய குரு ரானடே கொடுத்த பரிசு. நான் இஸ்திரி போட்டுத் தருகிறேன் என்றார் காந்தி. உன் வக்கீல் திறமையை நம்புவேன், இதை நம்ப மாட்டேன் என்று தயங்கினார் கோகலே. கஞ்சி சொட்டிய காலர் கதை அவர் காதுக்கு எட்டியிருந்ததோ என்னவோ! காந்தி விடவில்லை. மடிப்புக் கலையாமல் போட்டுக் கொடுத்து, கோகலேயின் பாராட்டையும் வாங்கினார்.

1915இல் காந்தி இந்தியா திரும்பினார். 1930இல் உப்புச் சட்டத்தை மீற, சபர்மதி ஆசிரமத்தில் இருந்து தண்டி கடற்கரைக்கு நடந்தார். சுமார் 385 கிலோமீட்டர், 24 நாட்கள். அப்போது அவருக்கு வயது 60. கூட வந்த இளைஞர்கள் சிலருக்குக் கால் புண்ணாகி, மாட்டு வண்டியில் ஏறினார்கள். காந்திக்கு முடியாமல் போனால் ஏறிக்கொள்ளட்டும் என்று ஒரு குதிரையும் தயாராக வைத்திருந்தார்கள்.

கடைசி வரை காந்தி அதன் மேல் ஏறவே இல்லை!