ஆபிரகாம் பண்டிதர்

இசை, கேட்டு மகிழ்வதற்கு மட்டுமன்றி ஆராய்ந்து அறிவதற்கும் உரியது என்று வாழ்ந்து காட்டியவர் ஆபிரகாம் பண்டிதர். தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859ஆம் ஆண்டு பிறந்த அவர், திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பிடில் வாசிக்கவும் பயின்றார். பின்னர்த் தஞ்சையில் குடியேறி, சித்த மருத்துவத்தால் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளை இசையாராய்ச்சிக்கே வாரி வழங்கினார்.

ஏழு சுரங்களுக்கும் இடையே அமைந்த நுண்ணிய ஒலிநிலைகளைச் சுருதிகள் என்பர். அவை எத்தனை என்பது அந்நாளில் பெருவினாவாக இருந்தது. சாரங்கதேவரின் நூலைப் பின்பற்றியோர் 22 என்றனர். பண்டிதரோ சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் பொதிந்துள்ள இசையிலக்கணத்தைக் கணக்கிட்டு, அவை 24 எனக் கண்டார்.

எனினும், ஏட்டுக் கணக்கோடு அவர் நின்றுவிடவில்லை. 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் சொந்தச் செலவில் தஞ்சையில் மாநாடுகளைக் கூட்டினார். இசைவாணரும் அறிஞரும் ஓரவையில் அமர்ந்து வாதிட்டனர். 1916இல் பரோடாவில் நடைபெற்ற அனைத்திந்திய இசை மாநாட்டில், மாற்றுக் கருத்துடையோர் முன்னிலையில் தம் கொள்கையை எடுத்துரைத்தார். அவர்தம் புதல்வியர் அதனை வீணையில் இசைத்துக் காட்டினர்.

இவ்வுழைப்பின் பயனாகக் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூல் 1917இல் வெளிவந்தது. ஈராண்டில் அவர் மறைந்தார். சுருதி பற்றிய வாதம் அவரோடு முடிந்துவிடவில்லை. ஆயினும், நூலில் கண்டதை நரம்பில் ஒலித்துக் காட்டி, அதனைப் பலரறிய அவையோர் ஆய்வுக்கு உட்படுத்திய அவரது நேர்மை, தமிழிசை ஆய்வுக்கு உறுதியான அடித்தளமாயிற்று.