கோவாவின் மருத்துவர் கார்சியா த ஓர்த்தா

நம் வீட்டு ரசத்தில் கரைகின்ற புளிக்கு அரபு நாட்டார் இந்தியப் பேரீச்சை என்று பெயரிட்டனர். அந்தப் பெயரை நம்பிய ஐரோப்பிய மருத்துவர் பலர், அது ஏதோ ஓர் ஈச்ச மரத்தில் காய்ப்பது என்றே எண்ணியிருந்தனர். புளிய மரத்தை நேரில் கண்டு, அஃது ஈச்ச இனம் அன்று என்று அவர்களுக்கு எழுதிச் சொன்னவர் கார்சியா த ஓர்த்தா. மேற்குக் கரைக்குப் படிக்க வந்துள்ள நாம் அறிந்திருக்க வேண்டியவர் அவர்.

போர்ச்சுகலில் 1500ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தார். பெற்றோர் யூதர். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டுப் போர்ச்சுகலில் அடைக்கலம் புகுந்தவர்கள். 1497இல் அங்கும் வற்புறுத்தித் கிறித்தவர் ஆக்கப்பட்டவர்கள். மகன் சாலமங்காவிலும் அல்காலாவிலும் மருத்துவம் பயின்று, லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1534இல் ஒரு படைத்தலைவருக்கு மருத்துவராகக் கப்பலேறிக் கோவா வந்தவர், பிறகு தாயகம் திரும்பவே இல்லை.

கோவாவில் ஆளுநர்களுக்கும், அகமதுநகரில் நிசாம் ஷாவுக்கும் மருத்துவம் பார்த்தார். மூலிகைத் தோட்டம் வைத்தார். அந்நாளில் சிறு தீவாக இருந்த பம்பாயையே குத்தகைக்குப் பெற்றிருந்தார்! அங்கே தம் நிலத்து மாமரம் ஒன்று ஆண்டுக்கு இருமுறை காய்த்ததைப் பெருமையோடு எழுதியிருக்கிறார்.

அவர் நூல் 1563இல் கோவாவிலேயே அச்சாயிற்று. இந்திய நாட்டு மருந்துகளைப் பற்றிய உரையாடல்கள் அதில் உள்ளன. 1913இல் வந்த மார்க்கமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் நான் அதைப் படித்தேன். ருவானோ என்றொரு கற்பனை மருத்துவர் ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறார். பழைய நூல்களெல்லாம் அவருக்கு மனப்பாடம். தேர்வுக்கு முந்தைய இரவில் நம் விடுதியில் உலவும் நண்பர்களைப் போன்றவர். அவர் ஏட்டைச் சொல்ல, ஓர்த்தா தாம் கண்டதைச் சொல்கிறார். வேண்டிய செடியை அந்தோனியா என்னும் அடிமைப் பெண் கொண்டுவந்து காட்டுகிறாள். எந்தச் செடி எங்கே முளைக்கும் என்று அறிந்திருந்த அவளைப் பற்றி நூலில் இன்னும் சில பக்கங்கள் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

இந்நாட்டு வைத்தியரிடம் கற்க ஓர்த்தா வெட்கப்படவில்லை. மாலுபா என்ற இந்து மருத்துவரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். வயிற்றுக்கடுப்புக்கு மலபார் மக்கள் பயன்படுத்திய ஒரு மூலிகையைப் பாராட்டுகிறார். அது நம் குடசப்பாலையே என்பர் தாவர அறிஞர். வெற்றிலையின் பெயரையும் போர்ச்சுகீசியர் மலபாரிலிருந்தே கொண்டனர் என்கிறார். அந்தச் சொல்லே உருமாறி ஐரோப்பிய மொழிகளில் இன்றும் வழங்குகிறது. வாந்திபேதியின் கொடுமையை ஐரோப்பியர் ஒருவர் நேரில் கண்டு விரிவாக எழுதியதும் இந்நூலில்தான்.

கற்களையும் அவர் விடவில்லை. வைரப் பொடி கொடிய நஞ்சு என்பது அக்கால நம்பிக்கை. சுரங்கத்தில் வேலை செய்வோர் வைரத்தைத் திருடி விழுங்கிவிட்டு உயிரோடு நடமாடுகிறார்களே என்று கேட்டு அதை மறுத்தார். ஆயினும் ஆட்டின் இரைப்பையில் விளையும் பெசோவார் கல் நஞ்சை முறிக்கும் என்று அவரும் நம்பினார். கருமிளகும் வெண்மிளகும் வெவ்வேறு கொடியில் விளைபவை என்றும் எழுதிவிட்டார். மிளகு நாட்டின் அருகிலேயே இருந்தும் அதில் தவறினார். இந்தத் தவறுகளால் என் மதிப்பு குறையவில்லை.

பழைய கிரேக்க மருத்துவர் கேலனை மறுத்துப் பேச ஸ்பெயினில் தமக்குத் துணிவு வந்திராது என்று அவரே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த அச்சமும் கப்பலேறி வந்து சேர்ந்தது. 1560இல் கோவாவில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. மறைவாக யூத சமயத்தைப் பின்பற்றுவோரை அது தேடிப் பிடித்தது. மருந்துகளைப் பற்றி இத்தனை வெளிப்படையாக எழுதிய மனிதர், தம் உள்ளத்துச் சமயத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காமலே 1568இல் கண்மூடினார்.

அவர் போனபின் தங்கை கதரீனா பிடிபட்டார். அண்ணனும் யூத நெறியையே கொண்டிருந்தார் என்பது விசாரணையில் வெளிவந்தது. 1569 அக்டோபரில் கதரீனாவை உயிரோடு எரித்தார்கள். 1580இல் ஓர்த்தாவின் கல்லறையைத் தோண்டி, எலும்புகளை எடுத்து அவற்றையும் எரித்தார்கள்.

அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்னரே, 1567இல், குளூசியஸ் என்ற தாவர அறிஞர் அந்நூலை லத்தீனில் சுருக்கி ஆண்ட்வெர்ப்பில் அச்சிட்டிருந்தார். உரையாடலையும் அந்தோனியாவையும் நீக்கிவிட்டு, செடிகளை மட்டும் வைத்துக்கொண்டார். கோவாவில் எலும்புகள் எரிந்த காலத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள் அந்நூலின் மறுபதிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.